மொசார்ட்டும் அவரது பியானோவும் - ஒரு கணக்காளரின் பார்வையில்

மொசார்ட் என்ற பெயரைக் கேள்விப்படாத பெற்றோர் எம்மிடையே இன்று மிகச் சிலராகவே இருப்பர். எமது பிள்ளைகளிற் பலர் வீணை, வயலின், மிருதங்கம் என்று கற்பதோடு பாடசாலையிலே பியானோவும் கற்று வருகின்றனர். பரீட்சைக்கு வாசிக்கும் உருப்படிகளில் ஒன்று மொசார்ட்டினுடையதாக அமைவது வழக்கம். எனது மூத்த மகளும் அப்படிக் கற்றவள்தான்.

சென்ற ஆண்டு பாடசாலையில் பாடத் தெரிவு வந்தபோது, இசையையும் ஒரு பாடமாக எடுக்க விரும்புவதாக அவள் சொன்னாள். நான் மறுத்தேன். நாட்டை விட்டு வரும்போது சான்றிதழ்களை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். கையில் ஒரு தொழில் இருந்தபடியால்தான் இங்கே காலூன்ற முடிந்தது என்ற எண்ணம் என் மனதை விட்டு ஒருபோதும் போவதில்லை. ஆகவே எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதையே நானும் சொன்னேன். மொசார்ட்டைப் பார், எவ்வளவு பெரிய மேதை, கடைசியில் ஒரு பிச்சைக்காரனைப் போலப் பொதுக்குழியில் போய்ச் சேர்ந்தான் என்றேன். அதற்கு அவள், அப்பா, நீங்கள் அவருடைய கணக்கைப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

கணக்காளனைப் பார்த்து இப்படிக் கேட்டால் என்ன செய்வது? பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் அந்தக் குளிர்காலம் முழுவதும் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்து வாசித்தேன். மொசார்ட்டின் வரவு செலவு பற்றி இவ்வளவு விபரங்கள் எஞ்சியிருக்கின்றன என்பது எனக்கே வியப்பாக இருந்தது. நான் அறிந்துகொண்டதை எமது ஆலயக் குடும்பங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளைப் பருவம்

வொல்ப்காங் அமதேயுஸ் மொசார்ட் 1756ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி சல்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். இன்று ஒஸ்திரியாவில் உள்ள அந்நகரம் அன்று ஒரு பேராயரின் தனி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் லியோபோல்ட் பேராயரின் அரண்மனையில் வயலின் வாசித்தவர். வயலின் கற்பிக்கும் முறை பற்றி அவர் எழுதிய நூலும் அதே 1756இல்தான் வெளிவந்தது. தாயார் அன்னா மரியா பெற்ற ஏழு பிள்ளைகளில் இருவரே பிழைத்தனர். மூத்தவள் மரியா அன்னா 1751இல் பிறந்தவள். வீட்டில் அவளை நன்னெர்ல் என்று அழைத்தனர். கடைக்குட்டி வொல்ப்காங்.

நன்னெர்ல் கற்பதற்காகத் தந்தையார் 1759இல் ஒரு கொப்பியில் சிறு சிறு உருப்படிகளை எழுதிக் கொடுத்தார். அக்கா வாசிப்பதைப் பார்த்திருந்த தம்பி, நான்கு வயதிலேயே அவற்றைத் தானும் வாசிக்கத் தொடங்கினான். எந்த உருப்படியை எப்போது பழகினான் என்று தந்தையார் அந்தக் கொப்பியிலேயே குறித்து வைத்தார். லியோபோல்ட் எதையும் எழுதி வைக்கும் மனிதர். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் இல்லாவிட்டால் இந்த வரலாற்றில் பாதி எமக்குக் கிடைத்திராது.

1762இல் பிள்ளைகள் இருவரையும் வியன்னாவுக்கு அழைத்துச் சென்று பேரரசி மரியா தெரேசா முன்னிலையில் வாசிக்க வைத்தார். மறு ஆண்டு குடும்பமாகப் புறப்பட்ட பெரும் பயணம் மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. குதிரை வண்டியில் மியூனிக், பாரிஸ், இலண்டன், ஹேக் என்று நகரம் நகரமாகச் சென்றார்கள். ஹேக் நகரில் இரு பிள்ளைகளையும் கடுமையான காய்ச்சல் பிடித்தது. நன்னெர்ல் மரணத்தின் வாசல் வரை சென்று மீண்டாள்.

இலண்டனில் கழிந்த பதினைந்து மாதங்கள்

1764 ஏப்ரல் மாதம் அவர்கள் இலண்டனை அடைந்தனர். வொல்ப்காங்குக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் முன்னிலையில் வாசித்தான். புகழ்பெற்ற பாக் குடும்பத்தைச் சேர்ந்த யோகான் கிறிஸ்ரியன் பாக் அங்கே அவனுக்கு நண்பரானார். தந்தையார் நோயுற்றுப் படுத்திருந்த நாட்களில், வாத்தியத்தைத் தொட்டுச் சத்தம் எழுப்பக்கூடாது என்பதால், சும்மா இருந்த சிறுவன் தனது முதலாவது சிம்பொனியை எழுதினான் என்பர்.

இலண்டன் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மனம் சற்றுக் கனத்தது. முதற் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு அரைக் கினி, அதாவது பத்தரைச் சிலிங். அடுத்த ஆண்டு அது ஐந்து சிலிங்காகக் குறைந்தது. 1765 யூலையில் கோர்ன்ஹில் என்ற இடத்தில் ஒரு மதுச்சாலையின் மண்டபத்தில், நாள்தோறும் நண்பகல் முதல் மூன்று மணி வரை, இரண்டரைச் சிலிங்குக்கு யாரும் வந்து கேட்கலாம் என்று தந்தையார் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். விசைகளைத் துணியால் மூடி விட்டாலும் பிள்ளைகள் பிழையின்றி வாசிப்பர் என்றும் அதில் அறிவித்திருந்தார். புதுமை பழகப் பழக விலை இறங்கியது. திறமை குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. பிள்ளைகளை மேடையேற்றுவதில் ஆர்வம் கொண்ட பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதே மாதம் பிரித்தானிய அருங்காட்சியகத்தைப் பார்க்கச் சென்ற மொசார்ட் குடும்பத்தினர், அங்கே ஒரு கையெழுத்துப் பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்தனர். நான்கு குரல்களுக்காக அந்த ஒன்பது வயதுச் சிறுவன் எழுதிய சிறு பாடல் அது. ஆங்கிலச் சொற்களுக்கு அவன் அமைத்த முதல் இசையும் அதுவே. இறைவனே எமக்குப் புகலிடம் என்ற பொருளுடைய விவிலிய வரியே அதன் பாடுபொருள். புகலிடம் என்ற சொல்லை விண்ணப்பப் படிவங்களில் எத்தனையோ தடவை எழுதிய எனக்கு, அச்சொல்லை ஒரு குழந்தையின் இசையோடு சேர்த்துக் கண்டபோது ஏற்பட்ட உணர்வை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்காவின் கதை

தம்பியின் புகழில் மறைந்து போனவள் நன்னெர்ல். ஆரம்பத்தில் கச்சேரி விளம்பரங்களில் இருவர் பெயரும் ஒன்றாகவே வந்தன. பாரிஸிலும் இலண்டனிலும் அவளது விரல் வன்மையைப் பலர் வியந்தனர். ஆனால் 1769 டிசம்பரில் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது அவள் தாயோடு வீட்டில் விடப்பட்டாள். மணம் முடிக்கும் வயதை நெருங்கிய பெண் ஊர் ஊராகச் சென்று வாசிப்பது முறையல்ல என்பது அக்கால வழக்கம். அவள் எழுதி அனுப்பிய ஒரு பாடலைத் தம்பி மிகவும் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பாடல் இன்று இல்லை. அவள் இயற்றியவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

1784இல், ஐந்து பிள்ளைகளின் தந்தையாகிய ஒரு விதவருக்கு அவள் இரண்டாந் தாரமாக அல்ல, மூன்றாந் தாரமாக வாழ்க்கைப்பட்டாள். கணவர் 1801இல் இறந்தபின் சல்ஸ்பேர்க் திரும்பி, பியானோ கற்பித்து வாழ்ந்து, 1829இல் 78ஆம் வயதில் காலமானாள். எமது வீடுகளிலும் பெண் பிள்ளைகள் அரங்கேற்றத்தோடு நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை.

பியானோ என்னும் புதிய வாத்தியம்

மொசார்ட் பிறந்த காலத்தில் பியானோ இன்னும் பரவலாகவில்லை. அதற்கு முன்னிருந்த ஹாப்சிகோட் என்ற வாத்தியத்தில் விசையை அழுத்தினால் பறவை இறகின் தண்டு ஒன்று தந்தியைச் சுண்டும். மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்ரோபோரி என்பவர், சுண்டுவதற்குப் பதிலாகச் சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டும் பொறியை அமைத்தார். விரலின் பலத்துக்கு ஏற்ப ஒலி கூடவும் குறையவும் தொடங்கியது. மெதுவாகவும் பலமாகவும் என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களே அதற்குப் பெயராயின.

1777 ஒக்ரோபரில் ஒக்ஸ்பேர்க் நகரில் யோகான் அன்ட்ரேயாஸ் ஸ்ரைன் என்பவரின் பட்டறைக்கு 21 வயது மொசார்ட் சென்றார். ஸ்ரைன் செய்த பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டியவுடன் தானாகவே விலகி விழும். ஆகையால் ஒலி நடுங்காது, ஒட்டாது. முழங்காலால் ஒரு நெம்பை உயர்த்தினால் ஒலி நீண்டு ஒலிக்கும். இவற்றையெல்லாம் நுணுக்கமாக விபரித்து, விலை கூடினாலும் உழைப்புக்குத் தக்க விலையே என்று தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

பின்னர் வியன்னாவில் அன்ரன் வால்ற்றர் என்பவர் செய்த பியானோவை வாங்கினார். அதில் 61 விசைகள். இன்றைய பியானோவில் 88. இன்று வெள்ளையாக இருக்கும் விசைகள் அதில் கறுப்பு, கறுப்பாக இருப்பவை வெள்ளை. உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, முழுவதும் மரமே. சுத்தியல்களுக்குத் தோல் உறை. ஆகவே எடையும் இன்றைய பெரிய பியானோவின் எடையில் ஒரு சிறு பங்குதான். இந்தப் பியானோவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் அது மீண்டும் வரும்.

வேலையை விட்ட துணிவு

1777இல் வேலை தேடித் தாயோடு புறப்பட்ட மொசார்ட், மியூனிக், மன்ஹைம், பாரிஸ் என்று அலைந்தும் நல்ல பதவி கிடைக்கவில்லை. 1778 யூலை 3ஆம் திகதி பாரிஸில் தாயார் நோயுற்று இறந்தார். அந்நிய நகரில் அந்த இளைஞன் தனியே தாயைப் புதைத்துவிட்டு, வீட்டுக்கு எப்படி எழுதுவது என்று தவித்தான். முதலில் தாய்க்குக் கடும் வருத்தம் என்று மட்டும் தந்தைக்கு எழுதி, அவரை ஆறுதல்படுத்துமாறு குடும்ப நண்பர் ஒருவரிடம் உண்மையைத் தெரிவித்தான். இப்படிப்பட்ட செய்தியைத் தொலைவிலிருந்து சொல்ல நேர்ந்தவர்கள் எம்மில் பலர் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பி, 1779இல் அரண்மனை ஓர்கன் வாத்தியக்காரராக ஆண்டுக்கு 450 புளோரின் சம்பளத்தில் அமர்ந்தார். 1781இல் பேராயர் கொலொரேடோ அவரை வியன்னாவுக்கு வரவழைத்தபோது, உணவு மேசையில் ஏவலாளருக்குக் கீழே, சமையற்காரருக்கு மேலே அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வெளியே கச்சேரி செய்து உழைக்கவும் பல தடவை அனுமதி மறுக்கப்பட்டது. மொசார்ட் வேலையை விட்டார். யூன் மாதம் பேராயரின் அதிகாரியான ஆர்க்கோ பிரபு அவரைக் காலால் உதைத்து வெளியே அனுப்பினார் என்று அவரே எழுதியிருக்கிறார். நிரந்தரச் சம்பளத்தை விட்டு, 25 வயதில், ஒரு பெருநகரில் தன் கையை மட்டும் நம்பி அவர் நின்றார். தந்தையார் கோபித்தார், கெஞ்சினார். மகன் திரும்பவில்லை. மறு ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி கொன்ஸ்ரன்சா வேபர் என்ற பெண்ணை மணந்தார். அதற்கும் தந்தையார் அரை மனதோடுதான் சம்மதித்தார்.

பேரேட்டின் வரவுப் பக்கம்

இந்தத் துணிவு பலித்ததா? முதல் ஐந்து ஆண்டுகளைப் பார்த்தால் நன்றாகவே பலித்தது. 1781 டிசம்பர் 24இல் பேரரசர் இரண்டாம் யோசப் முன்னிலையில் இத்தாலியரான கிளெமென்ரி என்பவரோடு பியானோப் போட்டியில் வாசித்தார். 1782இல் அரங்கேறிய ஒப்பெரா ஒன்றுக்கு 100 டுக்கற் பெற்றார். டுக்கற் ஒன்று ஏறக்குறைய நாலரைப் புளோரின். ஆகவே பேராயர் கொடுத்த ஓராண்டுச் சம்பளம் ஒரே வேலையில் வந்தது.

1784 தவக்காலத்தில், சந்தா முறையில் தாமே நடத்திய கச்சேரிகளுக்கு 174 பேர் பணம் கட்டினர். அவர்களின் பெயர்களைத் தந்தைக்கு எழுதி அனுப்பினார். வியன்னாவின் பிரபுக்களில் பெரும் பகுதியினர் அதில் இருந்தனர். கச்சேரிதோறும் புதிய உருப்படி வேண்டும். 1784 தொடக்கம் 1786 வரை பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாகப் பன்னிரண்டு கொன்சேர்ட்டோக்களை எழுதினார். 1785 பெப்ரவரியில் மகனைப் பார்க்க வந்த லியோபோல்ட், வந்த அன்று மாலையே அவற்றில் ஒன்றைக் கேட்டார். பிரதி எடுப்பவர் அன்றும் எழுதிக்கொண்டே இருந்தமையால் மொசார்ட்டுக்கு அதனை ஒரு முறை முழுமையாக வாசித்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் இசைமேதை ஹைடன், உமது மகனே தாம் அறிந்த இசையமைப்பாளர்களில் மிகப் பெரியவர் என்று அந்தத் தந்தையிடம் கூறினார். அந்நாட்களில் ஒரு கச்சேரியின் வரவு மட்டும் 559 புளோரின். வால்ற்றர் செய்த பியானோ வீட்டிலிருந்து மண்டபங்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் ஓயாது தூக்கிச் செல்லப்பட்டது. தாம் தங்கியிருந்த சில வாரங்களில் அது பன்னிரண்டு தடவையாவது வெளியே போய் வந்தது என்று லியோபோல்ட் மகளுக்கு எழுதினார்.

1784இல் மொசார்ட் இரண்டு ஏடுகளைத் தொடங்கினார். ஒன்று வரவு செலவு ஏடு. அதில் 1784 மே 27ஆம் திகதி ஒரு மைனா வகைப் பறவையை 34 குரோய்சருக்கு வாங்கியது பதியப்பட்டுள்ளது. 60 குரோய்சர் ஒரு புளோரின். அந்தப் பறவை தமது கொன்சேர்ட்டோ ஒன்றின் மெட்டைப் பாடியதை இசைக் குறியீட்டில் பக்கத்திலேயே எழுதி, அழகாக இருந்தது என்றும் குறித்தார். கணக்கேட்டில் இப்படி ஒரு பதிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த ஏடு ஓராண்டுக்குள் நின்றுவிட்டது.

மற்றையது தாம் இயற்றிய உருப்படிகளின் பட்டியல். இடப்பக்கத்தில் திகதியும் வாத்தியங்களும், வலப்பக்கத்தில் தொடக்க இசை வரியும். 1784 பெப்ரவரி 9இல் தொடங்கிய இதனை 1791 நவம்பர் 15 வரை, இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்வரை, அவர் கைவிடவில்லை. இன்று அது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பணக் கணக்கை ஓராண்டில் விட்டவர், இசைக் கணக்கை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் எழுதினார். அவர் ஒழுங்கற்றவர் என்று நான் நினைத்திருந்தது தவறு. எதற்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு முடிவு இருந்தது.

செலவுப் பக்கம்

செலவும் சிறிதல்ல. வியன்னாவின் நடுவில் ஆண்டுக்கு 460 புளோரின் வாடகையில் வீடு. பழைய முழுச் சம்பளமும் வாடகைக்கே போதாது. நல்ல உடை, சொந்தமாக ஒரு பில்லியர்ட் மேசை, பணியாட்கள். பிரபுக்களின் வீடுகளுக்குப் போய் வருபவர் அதற்கேற்ற தோற்றத்தில் இருக்க வேண்டியிருந்தது. நல்ல நாட்களில் சேமித்து வைக்கவில்லை என்பதே கணக்காளர் சொல்லக்கூடிய குற்றம்.

1786இல் பிகாரோவின் திருமணம், 1787இல் பிராக் நகரில் டொன் ஜொவானி என்று பெரும் ஒப்பெராக்கள் அரங்கேறின. 1787 மே மாதம் தந்தையார் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் பேரரசர் 800 புளோரின் ஆண்டுச் சம்பளத்தில் அரண்மனை இசையமைப்பாளர் பதவி கொடுத்தார். அதற்கு முன் அப்பதவியில் இருந்த குளுக் என்பவருக்கு 2,000. 1788இல் துருக்கியருடன் போர் மூண்டது. பிரபுக்கள் போர்முனைக்கும் தமது கிராமப்புற மாளிகைகளுக்கும் சென்றனர். பொருள்களின் விலை ஏறியது. கச்சேரி கேட்க ஆளில்லை. 1789இல் ஒரு கச்சேரி வரிசைக்குச் சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டபோது, இரண்டு வாரத்தின் பின் ஒரே ஒரு பெயர்தான் அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 174 பெயர்கள். போர் ஒன்று வந்தால் பாடுபவனின் பிழைப்பு எப்படிப் போகும் என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மனைவிக்குத் தொடர்ந்து நோய். வைத்தியச் செலவு. 1788 முதல் மிகாயேல் புக்பேர்க் என்ற துணி வியாபாரிக்கு மொசார்ட் எழுதிய கடன் கடிதங்கள் வாசிக்கவே கூசும்படியானவை. புக்பேர்க் வணிகர் அல்லவா, தாம் அனுப்பிய தொகையை ஒவ்வொரு கடிதத்திலும் குறித்து வைத்தார். எல்லாமாக ஏறத்தாழ 1,400 புளோரின். அந்தக் கடிதங்களை எழுதத் தொடங்கிய அதே 1788 கோடையில்தான், ஆறு அல்லது ஏழு வாரங்களுக்குள், தமது கடைசி மூன்று சிம்பொனிகளையும் எழுதி முடித்தார்.

இறுதி ஐந்தொகை

1791 நிலைமை சீராகத் தொடங்கிய ஆண்டு. மார்ச் 4இல் தமது கடைசிப் பியானோ கொன்சேர்ட்டோவை வாசித்தார். மேடையில் அவர் பியானோ வாசித்தது அதுவே கடைசி. செப்ரெம்பரில் பிராக் நகரில் முடிசூட்டு விழாவுக்கு ஓர் ஒப்பெரா, 30ஆம் திகதி வியன்னாவில் மந்திரப் புல்லாங்குழல். இரவுக்கிரவு மண்டபம் நிறைந்தது. வால்செக் பிரபு தமது மறைந்த மனைவியின் நினைவாகப் பெயர் சொல்லாமல் ஒருவரை அனுப்பிக் கேட்ட நீத்தார் வழிபாட்டு இசையை எழுதிக்கொண்டிருக்கையில் நோயில் விழுந்தார். டிசம்பர் 5ஆம் திகதி அதிகாலை ஒரு மணிக்குச் சற்று முன் உயிர் பிரிந்தது. வயது 35.

சொத்துப் பட்டியலை அரச அலுவலர் எழுதினர். கையில் காசு 60 புளோரின். வரவேண்டிய சம்பளம் 133 புளோரின் 20 குரோய்சர், அதாவது சரியாக இரண்டு மாதச் சம்பளம். பியானோ 80 புளோரின், பில்லியர்ட் மேசை 60. உடை, தளபாடம், நூல்கள் எல்லாம் சேர்த்து 592 புளோரின் 9 குரோய்சர். கடன்கொடுத்தோர் பக்கத்தில் 918 புளோரின் 16 குரோய்சர். பெரும்பாலும் தையற்காரர், மருந்துக்கடை, தளபாடம் செய்தவர். புக்பேர்க்கின் கடன் பட்டியலில் இல்லை. அவர் கேட்கவில்லை. அதுமட்டுமல்ல, லிக்னொவ்ஸ்கி பிரபு தொடுத்த வழக்கில் 1,435 புளோரின் 32 குரோய்சர் கட்டும்படி, இறப்பதற்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கையில் தீர்ப்பாகியிருந்தது. இந்தப் பதிவு 1991இல்தான் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இவற்றோடு, மொசார்ட் பிறருக்குக் கொடுத்து, இனி வராது என்று கைவிடப்பட்ட கடன் 800 புளோரின். அதில் 500 புளோரின், அவர் கிளாரினற் கொன்சேர்ட்டோ எழுதிக் கொடுத்த வாத்தியக்காரர் ஸ்ராட்லருக்குக் கொடுத்தது. தாமே கடனில் இருந்தவர், தம்மிலும் கஷ்டப்பட்டவருக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் தொழிலில் இதனை அறவிடமுடியாக் கடன் என்போம்.

இனிப் பொதுக்குழிக்கு வருவோம். ஈமச் செலவு 8 புளோரின் 56 குரோய்சர், வண்டிக்கு 3 புளோரின். அது மூன்றாந் தர அடக்கம். வியன்னாவின் நடுத்தரக் குடும்பங்களிற் பெரும்பாலானவை தெரிவு செய்ததும் அதுவே. ஆடம்பரமின்றி நகருக்கு வெளியே அடக்கம் செய்ய வேண்டும் என்பது இரண்டாம் யோசப் 1784இல் கொண்டுவந்த ஒழுங்கு. நினைவுக் கல் இல்லாமையால் இடம் பின்னர் மறைந்தது. ஆக, பிச்சைக்கார அடக்கம் என்று நான் மகளிடம் சொன்னது பிழை. சலியேரி நஞ்சூட்டினார் என்பதும் கதையே. 1984இல் வந்த திரைப்படம் அக்கதையைப் பரப்பியது. உண்மையில் மொசார்ட்டின் இளைய மகனுக்குப் பிற்காலத்தில் இசை கற்பித்தவர்களில் ஒருவர் அதே சலியேரி.

கொன்ஸ்ரன்சா

கணவர் இறந்தபோது கொன்ஸ்ரன்சாவுக்கு வயது 29. பிறந்த ஆறு பிள்ளைகளில் இருவர் எஞ்சினர். ஒருவனுக்கு ஏழு வயது, மற்றவன் நான்கு மாதக் குழந்தை. பத்தாண்டுச் சேவை இல்லாதபடியால் ஓய்வூதியத்துக்கு உரித்து இல்லை. ஒரு வாரத்துக்குள் பேரரசரிடம் விண்ணப்பித்தார். 1792இல் ஆண்டுக்கு 266 புளோரின் 40 குரோய்சர் வழங்க உத்தரவாயிற்று. 800இல் சரியாக மூன்றில் ஒன்று. நினைவுக் கச்சேரிகள் நடத்தினார். எட்டு உருப்படிகளைப் பிரஷ்ய மன்னருக்கு 800 டுக்கற்றுக்கு விற்றார். கையெழுத்துப் பிரதிகளைச் சிதறவிடாமல் பேணி, பெரும்பகுதியை ஒரே பதிப்பாளரிடம் கொடுத்தார். கடன்கள் அடைக்கப்பட்டன. பின்னர் தமது இரண்டாவது கணவரான நிசென் என்பவரைக் கொண்டு மொசார்ட்டின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதுவித்தார். இன்று உலகம் மொசார்ட்டைக் கேட்கிறதென்றால் அதில் இந்தப் பெண்மணியின் பங்கு பெரிது. அவரை ஊதாரி என்று எழுதியவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை.

பியானோவைக் காத்த மகன்

இளைய மகன் பிரான்ஸ் சவேர் இசைக்கலைஞரானார். நல்ல பியானோ ஆசிரியர். ஆனால் தந்தையின் பெயரே அவருக்குப் பாரமாயிற்று. 1844இல் காலமானார்.

மூத்தவர் கார்ல் தோமஸ். அவரது கதைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 13ஆம் வயதில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் ஒரு வர்த்தக நிறுவனத்துக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார். பியானோக் கடை ஒன்று திறக்க விரும்பினார். முதல் இல்லை. மிலான் நகருக்குச் சென்று இசை கற்றார். 1810அளவில் அதையும் விட்டு அங்கே அரசாங்க அலுவலரானார். கணக்குத் துறையிலேயே அவரது உத்தியோகம். ஆம், மொசார்ட்டின் மூத்த மகன் எங்கள் தொழில்காரர்.

அதே 1810இல் தாயார் அவருக்கு ஒரு பொருளை அனுப்பினார். அதுதான் வால்ற்றர் செய்த பியானோ. 80 புளோரின் என்று பட்டியலில் எழுதப்பட்ட அதே வாத்தியம். அலுவலக வேலை முடிந்து வந்து அவர் அதை வாசித்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் வைத்திருந்தார். 1856இல், தந்தை பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, அதனைச் சல்ஸ்பேர்க் நகருக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் மிலானில் இறந்தார். சகோதரர் இருவரும் மணம் செய்யவில்லை, ஆகவே சந்ததி அத்தோடு முடிந்தது. பியானோ இன்றும் சல்ஸ்பேர்க்கில் மொசார்ட் குடும்பம் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. இடைக்கிடை வாசிக்கவும் படுகிறது.

நான் இவற்றையெல்லாம் வாசித்து முடித்த பின் ஒரு நாள் மகளிடம், என் கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். மொசார்ட் வறியவராக இறக்கவில்லை. ஆனால் கடனோடு இறந்தார். அதுவும் உண்மை. அதை மறைத்து உனக்குக் கதை சொல்ல மாட்டேன் என்றேன். கணிதத்தோடு இசையையும் எடுப்பதாக அவள் நிரப்பிய படிவத்தில் கையொப்பம் இட்டேன்.

பெற்றோராகிய எமக்குப் பயம் இருப்பது இயல்பே. எல்லாவற்றையும் ஒரு தடவை இழந்தவர்கள் நாங்கள். ஆனாலும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது கேள்விப்பட்ட கதையைக் கணக்கென்று சொல்லக்கூடாது. தொழில் எதுவானாலும் ஆகட்டும், வீட்டில் உள்ள வாத்தியத்தை மூடி வைக்க வேண்டாம். கணக்கு அலுவலகத்தில் வேலை செய்த ஒரு மகன் மாலை நேரங்களில் திறந்து வாசித்தபடியால்தான், அந்தப் பியானோ இன்றும் ஒலிக்கிறது.